குழந்தையின் எக்ஸ்ரேயை வெளியூர் மருத்துவர் பார்க்கலாமா?

கேள்வி: விடாத இருமலுக்காக என் எட்டு மாதப் பேரனுக்கு இராமநாதபுரத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். சென்னையில் ஒரு மருத்துவர் தம் வீட்டிலிருந்தே அதைப் பார்த்து ரிப்போர்ட் அனுப்பினாராம். குழந்தையைப் பார்க்காமல் சொல்வதை நம்பலாமா? கொரோனாவோடு பரவிய இந்த வழக்கம் இனி நிலைத்துவிடுமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: நம்பலாம், சகோதரி. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் 'டைகாம்' என்னும் பொது வடிவில் கணினிக்குக் கணினி செல்வதால், இராமநாதபுரத்தில் எடுத்த படத்தின் நுணுக்கம் சென்னைத் திரையிலும் குறையாது. அந்தத் திரை மட்டும் மருத்துவப் படங்களுக்கென அமைந்த தரமான திரையாக இருக்க வேண்டும். ஃபிலிமைக் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இதற்கு ஈடாகக் கொள்ளாதீர்கள்.

கைக்குழந்தையின் மார்பில் இயல்பாகவே பெரிதாக இருக்கும் தைமஸ் சுரப்பி, பழகாத கண்ணுக்குக் கட்டிபோலத் தெரியும். எலும்பின் வளர்ச்சிப் பகுதி முறிவுபோலத் தோன்றும். இவற்றைப் பிரித்தறியும் குழந்தைகளுக்கான கதிரியல் மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். காய்ச்சலில் துவளும் குழந்தையை இராமேஸ்வரத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ மதுரை வரை தூக்கிச் செல்வதைவிட, படம் அவர்களைத் தேடிப் போவதே நல்லது. 2020 ஊரடங்கில் பல நாடுகளின் மருத்துவமனைகள் இவர்களுக்கு வீட்டிலேயே பணிக் கணினி அமைத்துக் கொடுத்தன. அந்த வசதி இனி முற்றிலும் விலகாது என்றே எண்ணுகிறேன், விலகவும் வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. அல்ட்ராசவுண்ட் கருவியை நம் நாட்டில் பெரும்பாலும் மருத்துவரே குழந்தையின் வயிற்றில் வைத்து, அழுகையை அமர்த்தி, கையை நகர்த்தி நகர்த்தித் தேடுகிறார். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் குடல் செருகலை எடுத்துக்கொள்ளுங்கள்: பச்சிளம் பிள்ளை விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிடும், பிறகு மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வரலாம். அல்ட்ராசவுண்டில் அதை உறுதி செய்தபின், ஆசனவாய் வழியே காற்றையோ உப்புநீரையோ அளவாகச் செலுத்திப் பல குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையின்றியே குடலை விடுவித்துவிடலாம். அதைச் செய்யும் மருத்துவரும், தவறினால் உடனே அறுவை செய்யக்கூடியவரும் அங்கேயே இருந்தாக வேண்டும். நேரம் கடந்தால் குடல் அழுகிவிடும்.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. மூத்த மருத்துவரின் அருகில் அமர்ந்து, ஒரே படத்தை இருவரும் பார்த்துப் பேசித்தான் இளையவர்கள் இதைக் கற்கிறார்கள். மூத்தவர்கள் எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிட்டால், 2022-இல் தொடங்கிய இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற புதிய கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கும்? சில நாள் மருத்துவமனையிலும் சில நாள் வீட்டிலுமாகப் பணியைப் பகிர்வதே சரியான வழி. தொலைவிலிருந்து ரிப்போர்ட் வருகிறது என்பதற்காக இங்குள்ள பணியிடத்தைக் காலியாக விடுவதை ஏற்கவே முடியாது.

அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கும்போது, காய்ச்சலும் இருமலும் எப்போது தொடங்கின என்பதையும் குறைமாதப் பிறப்பா என்பதையும் படத்தோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். ரிப்போர்ட்டில் ஐயம் எழுந்தால், உங்கள் குழந்தை மருத்துவரை அந்தச் சென்னை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசும்படி தயங்காமல் கேளுங்கள்.