ஐந்தாம் மாதத்தில் கம்பாலா பயணம்: மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு 20 வாரம், தலைச்சன். ஊர் பள்ளத்தூர். கணவர் உகாண்டாவில், கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். வளைகாப்புக்கு முன் ஆறு வாரம் அவரோடு இருந்துவிட்டு வரலாம் என்று ஆசை. காரைக்குடியில் டிக்கெட் போடும் ஏஜென்ட், "மலேரியாவுக்கு மாத்திரை இருக்கு, மஞ்சள் காய்ச்சல் அட்டையை நானே வாங்கித் தர்றேன்" என்கிறார். அத்தையோ நிலவேம்புக் கஷாயம் குடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். போகாதீர்கள். உங்கள் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வரட்டும். கர்ப்பிணிகள் மலேரியா உள்ள நாடுகளுக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும்.

கம்பாலா பெரிய நகரம், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே கொசு கிடையாது என்று யாராவது சொல்வார்கள். உகாண்டாவில் மலேரியா இல்லாத ஊர் என்று ஒன்றை நம்பிப் போக முடியாது. ராமேஸ்வரம் பக்கம் கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. உகாண்டாவில் இருப்பது அதைவிடக் கடுமையான ஃபால்சிபாரம் வகை. இந்தக் கிருமி நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். தாய்க்குக் கடுமையான ரத்தசோகை வரும், சர்க்கரை திடீரென்று இறங்கும். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று எதுவும் நடக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்குக்கூட முதல் கர்ப்பத்தில் உடம்பின் எதிர்ப்பு ஏமாற்றிவிடும். நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்த எதிர்ப்பே கிடையாது. அங்கே இருக்கும் கணவருக்கு மலேரியா வந்து சளி மாதிரிப் போயிருந்தாலும், அதை வைத்து உங்களுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

போயே ஆக வேண்டும் என்றால் மாத்திரை விஷயத்தில் கவனம். மருந்துக்கடையில் "மலேரியா மாத்திரை" என்று கேட்டால் குளோரோக்வின் எடுத்துக் கொடுப்பார்கள். அது கர்ப்பத்தில் பாதுகாப்பானதுதான், ஆனால் ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்துக்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிக்கு ஆகாது. ஆண்கள் கொண்டுபோகும் மருந்துப் பையில் அது இருந்தால் தொடாதீர்கள். பிரைமாக்வினும் கூடாது. உங்களுக்குப் பொருந்துவது மெஃப்ளோக்வின் 250 மி.கி., வாரம் ஒன்று, ஒரே கிழமையில், சாப்பிட்ட பிறகு. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும். ஆக 3 + 6 + 4 = 13 மாத்திரை. வந்து இறங்கியதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், போலி மருந்து நிறைய. வலிப்பு, மனச்சோர்வு நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது. சின்ன வயதில் வலிப்பு வந்ததைப் புகுந்த வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை பாதிதான். மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. அந்த நேரத்துக்கு முழுக்கை, சாக்ஸ், மருந்து தோய்த்த கொசுவலை. தோலில் தடவ டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து 30 முதல் 50 சதவீதம் உள்ளது வேண்டும், கர்ப்பத்தில் தடவலாம். இங்கே விற்கும் கிரீம்களில் பெரும்பாலும் டீட் இருக்காது, அட்டையைப் படித்து வாங்குங்கள். நிலவேம்பு மலேரியாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கர்ப்பத்தில் அதன் பாதுகாப்பும் நிரூபிக்கப்படவில்லை. "மலேரியா ஊசி" என்று யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது உள்ள தடுப்பூசிகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கானவை.

இனி அந்த அட்டை. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி உயிருள்ள கிருமியால் ஆனது, அதனால் கர்ப்பிணிக்கு வழக்கமாகப் போடுவதில்லை. இந்த இடுக்கில்தான் ஏஜென்ட் நுழைகிறார். ஊசி போடாமலே முத்திரை குத்திய அட்டை, கொஞ்சம் பணம், வேலை முடிந்தது என்பார். பிடிபட்டால் மாட்டுவது நீங்கள். பிடிபடாவிட்டால் இன்னும் மோசம், பாதுகாப்பே இல்லாமல் அந்த நாட்டில் உலவுவீர்கள். ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் கர்ப்பத்தைச் சொல்லுங்கள். ஆபத்து தவிர்க்க முடியாதது என்றால் ஊசி போடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். போட்டால் சான்றிதழ் செல்லுபடியாவது 10-ஆம் நாளிலிருந்து. போடவில்லை என்றால் மருத்துவ விலக்கைச் சான்றிதழ்ப் புத்தகத்தில் அதற்கான பக்கத்திலேயே கையெழுத்து, முத்திரையோடு எழுதி வாங்க வேண்டும். வெறும் லெட்டர்பேடுக் கடிதத்தை ஏற்பார்கள் என்று நம்பாதீர்கள். புறப்படும் முன் தூதரகத்தில் கேளுங்கள், விலக்கை ஏற்பது அவர்கள் இஷ்டம். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாதவர்களை 6 நாள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஊசி வேண்டாம் என்று சொல்பவர்களும், ஊசி இல்லையா என்று நிறுத்துபவர்களும் ஒரே அரசாங்கத்தின் ஆட்கள்தான். மாதாமாதம் செக்கப்பில் இரும்புச் சத்து, சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்க்கிறார்கள், எங்கேயாவது வெளியூர் போகிறீர்களா என்று ஒருவர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஏஜென்டுக்கு வேலையே இருக்காது.

நாளைக்கே மாத்திரையைத் தொடங்கினாலும் புறப்படும்போது உங்களுக்கு 23 வாரம், திரும்பும்போது 29. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் கடிதம் கேட்கும். அதைக் கம்பாலாவில்தான் வாங்க வேண்டியிருக்கும்.

போய்ச் சேர்ந்த ஏழாம் நாளிலிருந்து, வந்து மூன்று மாதம் வரை, எந்தக் காய்ச்சலானாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. பாராசிட்டமால் போட்டு ஒரு நாள் பார்ப்போம் என்பது கூடாது. கிருமி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருக்கும்போது விரல் ரத்தத்தில் தெரியாமல் போகலாம், அதனால் ஒரு முறை "இல்லை" என்று வந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்க வேண்டும். அங்கே என்றால் மலேரியாவா என்று உடனே பார்ப்பார்கள். இங்கே காய்ச்சல் என்றதும் விடால் என்ற டைபாய்டு ரத்தப் பரிசோதனையை எழுதி டைபாய்டு என்று முடித்துவிடுவார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கேன், மாசமா இருக்கேன்" என்று சொல்லுங்கள். சீட்டில் விடால் மட்டும் இருந்தால் மலேரியா ஸ்மியரையும் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் சோதனை) எழுத வைத்துவிட்டு எழுந்திருங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது.