கிணற்றுப் பங்கு

கடிதம்:

வணக்கம். இலங்கையில் 1972இல் காணி உச்சவரம்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்தும் எங்கள் கிராமங்களில் ஏழைகள் ஏழைகளாகத்தான் இருக்கிறார்கள். தைவான், கேரளம், மேற்கு வங்கம் செய்ததை நாங்கள் ஏன் செய்யவில்லை? காணியைப் பகிர்ந்து கொடுத்தால் வறுமை தீருமா?

இன்னொன்று. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அம்மம்மாவின் சீதனக் காணி ஆறு பரப்பு (16 பரப்பு ஒரு ஏக்கர்), எனக்கும் அண்ணாமார் இருவருக்கும் பிரிபடாமல் கிடக்கிறது. ஒரு குடும்பம் வாய்ப்பேச்சுக் குத்தகையில் வெங்காயம் செய்கிறது. காணிக்குக் கிணற்றில் ஆறில் ஒரு பங்கு உண்டு. என் பங்கை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அண்ணாமாரோ, "பத்து வருஷம் விட்டால் காணி அவங்களுக்குத்தான், இப்பவே எழுப்பி அனுப்பு" என்கிறார்கள்.

ச., டொரொன்டோ

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

"இன்னொன்று" என்று ஒதுக்கி எழுதினீர்களே, அதுதான் கடிதம்.

முதற் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1972ஆம் ஆண்டுச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர், மற்றக் காணிக்கு 50 ஏக்கர் என்று எல்லை வைத்தது. 50 ஏக்கர் எங்கள் கணக்கில் 800 பரப்பு. உரும்பிராய் இருக்கும் வலிகாமத்துச் செம்பாட்டில் (செம்மண்ணில்) எந்தக் கமக்காரனிடம் 800 பரப்பு இருந்தது? அது தேயிலையையும் றப்பரையும் தென்னையையும் நினைத்து எழுதிய சட்டம். தைவான் 1949இல் குத்தகையை விளைச்சலின் 37.5 வீதத்துக்கு இறக்கிவிட்டு, 1953இல்தான் காணிக்காரரின் காணியைச் செய்பவருக்குக் கைமாற்றியது. மேற்கு வங்கம் 1978இலிருந்து விளைச்சலில் பங்குக்குச் (வாரத்துக்கு) செய்பவர்களின் பெயரைப் பதிந்தது. கேரளம் பிறர் காணியில் குடிசை போட்டிருந்தவருக்குக் கிராமத்தில் 10 சென்ற் வரை, அதாவது ஒன்றரைப் பரப்புக்குச் சற்றுக் கூட, வாங்கும் உரிமை கொடுத்தது. எங்களிடம் அதுகூட நடக்கவில்லை. 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில், அதற்கு முன்பே பிறர் காணியில் குடியிருந்தவர்களும் இருந்தார்கள். படையினர் பிடித்த காணியின் விடுவிப்பு, உறுதி (காணிப் பத்திரம்) வைத்திருப்பவருக்குத்தான். மற்றவர் எங்கே போவது என்று மேடையில் ஒருவரும் கேட்பதில்லை. போகட்டும்.

உங்கள் காணிக்கு வருவோம். நீங்கள் கொடுக்கப் போவது இரண்டு பரப்பு என்று நினைக்கிறீர்கள். பிரிபடாத ஆறு பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறீர்கள். வேலி எங்கே, எந்தப் பாத்தி யாருடையது என்று எவராலும் காட்ட முடியாது. வாங்குகிறவர், அவரை எழுப்பச் சொல்லும் உங்கள் அண்ணாமாருடன் பங்காளியாகிறார். தானம் என்ற பெயரில் ஒரு வழக்கைக் கொடுக்கிறீர்கள், தங்கச்சி. அண்ணாமார் 1977ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, பிரித்தால் பயன்படாத துண்டு என்று நீதிமன்றம் கருதினால், காணியை விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்லும். வெங்காயம் செய்த குடும்பத்துக்கு மிஞ்சுவது கொஞ்சக் காசும் வழக்குச் செலவும்.

அதைவிடப் பெரிய விஷயம் கிணறு. கடிதத்தில் கிணற்றுக்கு ஒரே ஒரு வரி!

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீர், அடியில் கிடக்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. தோட்டக்காணியின் பெறுமதி பரப்பில் பாதி, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் பாதி. உங்கள் காணிக்கு ஆறில் ஒன்று என்றால் ஆறு நாளுக்கு ஒரு முறை. அதில் உங்கள் பங்கு மூன்றில் ஒன்று: மொத்தக் கிணற்றில் பதினெட்டில் ஒன்று. பதினெட்டு நாளுக்கு ஒரு முழுநாள், அல்லது ஆறு நாளுக்கு ஒருதரம் மூன்றில் ஒரு பங்கு நேரம். கோடையில் செம்பாட்டுச் சின்ன வெங்காயத்துக்கு மூன்று நாலு நாளுக்கு ஒரு தண்ணீர் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தக் குடும்பம் இப்போது சமாளிப்பது அநேகமாகப் பக்கத்துக் காணிக்காரரின் முறையைக் கேட்டு வாங்கித்தான். பங்காளியாகி வழக்கில் நின்றால் அந்தத் தயவும் போகும்.

முறை என்றால் நாள் மட்டும் இல்லை. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இறங்கினால் விடியற்காலையில் இறைப்பவருக்குத்தான் நிறைந்த கிணறு. அடுத்தவர் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் குழாய்க்கிணறு அடித்துப் பலமாக இழுத்தால், கரையோரம் என்றால் உப்பு மேலே வரும், பிறகு பக்கத்துக் கிணறுகளும் சேர்ந்து கெடும். வாய்க்கால் பிறர் காணியூடாகப் போகிறதென்றால் அந்த உரிமையும் உறுதியில் இருக்க வேண்டும். உறுதி எழுதும் பழைய நொத்தாரிசுமார் கிணற்றுப் பங்கு, நீர்ப்பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று ஒவ்வொன்றாக எழுதியது சும்மா இல்லை. இப்போது அவசரத்தில் எல்லைகளையும் பரப்பையும் மட்டும் எழுதி உறுதி முடிக்கிறார்கள். காணி கிடைக்கும், தண்ணீருக்குக் கெஞ்ச வேண்டும். காணியற்றவர்களுக்கு அரை ஏக்கர் கொடுக்கிறோம் என்கிற திட்டம் எதுவாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இறைப்பு எந்தக் கிணற்றில், எத்தனை நாளுக்கு ஒருதரம்?

அண்ணாமாரின் பத்து வருடப் பயத்தால் எத்தனை செம்பாட்டுத் தறை பற்றைக்காடாய்க் கிடக்கிறது! குத்தகை கொடுத்து, உங்களைக் காணிக்காரர் என்று ஏற்று இருப்பவருக்கு, நீண்டகாலம் ஆண்டதால் வரும் ஆட்சியுரிமை வராது. உங்கள் உரிமையை மறுத்து எதிரிடையாக ஆண்டால்தான் அந்தப் பத்து வருடம் ஓடும். அண்ணாமார் பயப்பட வேண்டியது எழுத்தில்லாத குத்தகைக்கு. நெல்வயல் செய்பவருக்கு 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் முதல் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை ஏதோ ஒரு காப்பு உண்டு. மேட்டுக்காணித் தோட்டக்காரருக்கு அதுவுமில்லை. அடுத்த போகம் நிச்சயமில்லாதவர் எருப் போடுவாரா, குழை (பச்சிலை) தாழ்ப்பாரா, கிணற்றுக் கட்டைத் திருத்துவாரா?

ஆகவே முதலில் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுப்பியுங்கள். மூவரும் இணங்கினால் நில அளவையாளரைக் கொண்டு அளந்து, கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் போகும் வழியை வரைபடத்தில் காட்டி, பிரித்து உறுதி முடியுங்கள். இணங்காவிட்டால் நன்கொடையை மறந்துவிட்டு, மூவருமாகக் கையொப்பமிட்டு ஐந்து வருடக் குத்தகை உறுதி கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். இது அண்ணாமாரின் பயத்தையும் தீர்க்கும்.

பிரித்த பிறகும் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், அந்த மனம் உங்களுக்கு இருப்பது சந்தோஷம். நன்கொடையை வாங்குகிறவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு உறுதியிலேயே கையொப்பமிடுவது நல்லது. உங்களுக்குத் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்தி, கலியாணமும் முடிந்திருந்தால், கணவரின் எழுத்துச் சம்மதத்தையும் நொத்தாரிசு கேட்பார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அப்படித்தான் நிற்கிறது. வெட்கக்கேடு. அதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

குத்தகையோ நன்கொடையோ, இறைப்பு நாள், தொடங்கும் நேரம், கிணறு இறைத்துத் தூர் எடுக்கும் செலவில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டருக்கான மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். இணைப்பு உங்கள் பெரியண்ணாவின் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுவியுங்கள்.