சாலைக்கு அடியில் ஓடும் நீர்: சிறுபாலங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் ஒரு குழாய்ப் பாலத்தின் மேல் தார்ச்சாலை லேசாக உள்வாங்கியிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் கான்கிரீட் நன்றாகவே இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா ஐயா?

கட்டாயம் கவலைப்பட வேண்டும். கான்கிரீட் சிதைவதைக் காட்டிலும், குழாயைச் சுற்றியுள்ள மண் சத்தமில்லாமல் கழன்று போவதையே நான் அதிகம் அஞ்சுவேன். இரண்டு ஹியூம் குழாய்கள் (கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் குழாய்கள்) சேரும் இடத்தில், மூட்டைச் சுற்றி மூடும் வளையமான காலரின் சிமெண்ட் பூச்சு உதிர்ந்துவிட்டால், மழைதோறும் மேலுள்ள மண் அந்த இடுக்கின் வழியே இறங்கி நீரோடு போய்விடுகிறது. தார்ப்பரப்பு சில காலம் வெற்றிடத்தைத் தாங்கி நின்று, பாரமேற்றிய லாரி வரும் நாளில் உள்ளே விழுகிறது. ஆகவே டார்ச் அடித்துப் பார்க்கும்போது மூட்டுகளையே முதலில் பாருங்கள். மூட்டுக்கு நேர் கீழே மட்டும் சிறு மண்குவியல் கிடந்தால் அது மேலிருந்து இறங்கியது. நெடுகச் சீராகப் படிந்திருந்தால் ஓடை கொண்டுவந்த வண்டல்.

கேள்வி: எல்லா விரிசலும் ஆபத்தானவையா?

இல்லை. குழாயின் உச்சியிலும் அடியிலும் நீளவாக்கில் ஓடும் விரிசல் மிகைப்பாரத்தைக் காட்டுகிறது. வளையமாகச் சுற்றி ஓடுவது பெரும்பாலும் அடித்தளம் சீரற்று இறங்கியதைக் காட்டுகிறது. விரிசலோரம் வெள்ளைப் படிவு இருந்தால் நீர் கசிகிறது என்றும், பழுப்புக் கறை இருந்தால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்றும் கொள்ளலாம்.

கேள்வி: குழாய்க்குப் பதில் கான்கிரீட் பலகை போட்ட பழைய பலகைப் பாலத்தில் கம்பியின் நிலையை உடைக்காமல் அறிய முடியுமா?

சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி கேட்கும், அதாவது உள்ளே கான்கிரீட் பிரிந்திருக்கக்கூடிய, இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் சிறிது கொத்தி, அந்தப் புதிய முகத்தில் காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால், கம்பிக்கு இருந்த காப்பு போய்விட்டது என்று பொருள்.

கேள்வி: சேலம் நகருக்குள் சாக்கடை கலந்து ஓடும் குழாயில் இறங்கிப் பார்க்கலாமா?

கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிகும்போது மூக்கு அந்த நாற்றத்தையே உணராமல் போய்விடும் என்பதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குவது உயிருக்கே ஆபத்து. அவ்வாயுவைப் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றுவதால்தான், நீர்மட்டத்துக்கு மேலுள்ள உச்சிப் பகுதி கரைந்து ஜல்லி வெளியே தெரிகிறது. சக்கரம் பூட்டிய கேமராவை உள்ளே அனுப்புங்கள்.

கேள்வி: மலைச்சாலையில் மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம், எதை முதலில் பார்ப்பது?

மேட்டுப்பக்கத்தில் கல்லும் சருகும் அடைத்திருந்தால் நீர் சாலை மீது ஏறும். அதை எவரும் உடனே கவனித்துவிடுவர். பள்ளத்துப்பக்கம் இறங்கிப் பார்ப்பவர்தாம் குறைவு. அங்கே குழாயிலிருந்து விழும் நீர் தரையைக் குடைந்து, குழாயின் வாயில் கட்டிய தலைச்சுவரின் அடிப்பகுதியை அந்தரத்தில் விட்டிருக்கும். கடப்பாரை சுவரின் அடியில் தடையின்றி நுழைந்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அங்கே கல்தளம் அமைத்தாக வேண்டும்.

கேள்வி: நெடுஞ்சாலைத் துறைக்கு எப்படித் தெரிவிப்பது?

உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், ஏற்காடு மலைப்பாதையாயின் அதன் 20 கொண்டை ஊசி வளைவுகளுள் எதற்கு அருகில் என்பதையும் குறிப்பிடுங்கள். படத்தில் ஓர் அளவுகோலும் தெரியட்டும்.