விளங்காத பாட்டுக்கு என்ன அழுகை?

கேள்வி: வேலைக்காகத் தினமும் கல்முனையிலிருந்து அம்பாறைக்குப் போகிறேன். பஸ்ஸில் போடுகிற பழைய சிங்களப் பாட்டுகள் சிலதைக் கேட்டால் கண் கலங்கிவிடுகிறது. டிக்கெட் எடுக்கிற அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் தெரியும். "விளங்காத பாட்டுக்கு என்ன அழுகை?" என்று உம்மா கேட்கிறார். இது வெறும் மயக்கமா?
- வாசகி, கல்முனை

பதில்: மயக்கம் இல்லை, தங்கச்சி. பழைய சிங்களப் பாட்டு என்றால் அதில் அமரதேவ பாடியது ஒன்றாவது கட்டாயம் இருக்கும். அவர் லக்னோவுக்குப் போய் பாத்கண்டே இசைக் கல்லூரியில் ஹிந்துஸ்தானி சங்கீதம் படித்தவர், அந்த ராகங்களின் வாசனை அவருடைய மெட்டுகளில் உண்டு. நமக்கும் அவை அந்நியம் இல்லை. அங்கே யமன் என்கிற ராகத்தின் சுரங்கள்தான் இங்கே கர்நாடக சங்கீதத்தின் கல்யாணி ராகத்தில் வருகின்றன, அதனால் தமிழ் சினிமாப் பாட்டும் ஹிந்திப் பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு மெட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது சொல்லாமலே தெரியும்.

அப்புறம் குரல். பக்கத்து அறையில் ஒருவர் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினால், என்ன பேசுகிறார் என்று பிடிபடாவிட்டாலும் நம் மனம் கனத்துவிடுகிறதே, அதேதான்.

ஆனால் ஒன்று. 2018இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 86 சிறு சமூகங்களின் பாட்டுகளிலிருந்து 14 விநாடித் துண்டுகளை எடுத்து, 60 நாடுகளைச் சேர்ந்தவர்களைக் கேட்க வைத்தார்கள். மொழி தெரியாமலே எது ஆடுகிற பாட்டு, எது தாலாட்டு என்று நன்றாகக் கண்டுபிடித்தவர்கள், காதல் பாட்டில்தான் தடுமாறினார்கள். ஆக உங்கள் கண்ணீர் உண்மை, அது யாருடைய, எந்தத் துயரம் என்பதை மட்டும் நீங்களே நிரப்பிக்கொள்கிறீர்கள். அம்பாறையில் கூட வேலை செய்கிறவர்களிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிப் பொருள் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பறங்கியர் (போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள்) கல்யாணத்தில் பெரியவர்கள் போர்த்துக்கேயப் பாட்டுப் பாடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே பொருள் தெரியவில்லை. உணர்ச்சி வந்தால் போதாதா, பொருள் எதற்கு?
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: உங்களுக்குப் போதும் தம்பி, அந்தப் பிள்ளைகளுக்குப் போதாது. மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு ஆங்கிலேயரும் வந்து போனார்கள், இத்தனைக்கும் நடுவில் அந்தப் போர்த்துக்கேயப் பேச்சு இந்த ஊரில் வீட்டுக்குள்ளேயும் கல்யாணத்திலும் பிழைத்துக் கிடந்தது பெரிய விஷயம். இன்று இளையவர்கள் பலர் தமிழ்தான் பேசுகிறார்கள். வயலின் எடுத்ததும் கஃப்ரிஞ்ஞா என்கிற பறங்கியர் ஆட்ட இசைக்கு அவர்களுடைய கால் தானாக ஆடும், ஆனால் பாடுகிற பெரியவர்கள் போய்விட்டால் சொற்களும் அவர்களோடு போய்விடும் என்பதுதான் என் கவலை. நீங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பழக்கமும் இருக்கிறது. அடுத்த கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, பாட்டைப் போனில் பதிந்து, வரிக்கு வரி பொருளையும் அந்தப் பெரியவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.