காட்டில் உள்ள உயிரினங்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

கேள்வி: மலையகக் காடுகளில் என்னென்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதாகச் சொல்கிறார்களே, காட்டுக்குள் போய் உண்மையில் என்ன செய்வார்கள்? ஒவ்வொன்றாக எண்ணுவார்களா?

எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. நான் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், எங்கள் தேயிலை மலைக்கு மேலே உள்ள காட்டுக்கு ஆய்வுக்கு வந்த ஒரு குழுவோடு போனேன். வழி காட்டத்தான் கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் கையில் தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டார்கள். பென்சில்தான், பேனை இல்லை. அந்தப் பனி ஈரத்தில் பேனை எழுதாது.

அப்படித் தாளோடு போன முதல் நாள் இரவு பதினான்கு தவளை எழுதிக்கொண்டு பெருமையாகத் திரும்பினேன். குழுவில் இருந்த அக்கா தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, எத்தனை மணிக்குத் தொடங்கினீங்க, எத்தனை மணிக்கு முடிச்சீங்க, எத்தனை பேர் தேடினீங்க?” என்று கேட்டார். அதெல்லாம் நான் எழுதவில்லை. “அப்போ இதைக் கணக்கில் சேர்க்க ஏலாது” என்று தாளைத் தனியே வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இரண்டு பேர் இரண்டு மணி நேரம் தேடிக் கண்ட ஏழு தவளையும், ஒருவர் அரை மணி நேரத்தில் கண்ட ஏழு தவளையும் ஒன்றல்ல. தேடிய நேரம், ஆள் கணக்கு, மழையா பனியா என்பது எல்லாம் இருந்தால்தான் இந்த வருடத்தையும் அடுத்த வருடத்தையும் ஒப்பிடலாம், இந்த ஓடையையும் அந்த ஓடையையும் ஒப்பிடலாம். ஒன்றுமே கிடைக்காத இரவின் தாளையும் பத்திரமாகக் கோப்பில் போடுவார்கள். வெறும் தாளுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

தவளையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை, தேரை வகைகள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. தவளை என்றால் குளத்தில் தேட வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் மலைக்காட்டுப் புதர்த்தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு முட்டையிடக் குளமோ ஓடையோ வேண்டாம். ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டை இடும். தலைப்பிரட்டை என்ற பருவமே இல்லாமல், முட்டைக்குள்ளேயே வளர்ந்து விரல்நகம் அளவுகூட இல்லாத முழுத்தவளையாக வெளியே வரும். ஆகவே நாங்கள் தேடியது சருகிலும் பாசியிலும் இடுப்புயரப் புதர்களிலும்தான். எட்டு மீற்றர் நீள அகலத்துக்குக் கயிறு கட்டி, நான்கு பக்கத்திலிருந்தும் ஆட்கள் உள்நோக்கி நகர்ந்து, சருகைக் கையால் விலக்கிப் பார்ப்போம். கட்டையைப் புரட்டினால் திரும்ப அதே மாதிரி வைக்க வேண்டும். இதில் அந்த அக்கா மிகவும் கண்டிப்பு.

இரவில் போனதில் இன்னொரு இலாபம். பகலில் பாசியோடு பாசியாக இருந்து கண்ணில் படாத ஓணான்கள், இரவில் குச்சி நுனியில் தூங்கும்போது டோர்ச் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். மூக்கில் கொம்பு உள்ள ஓணானை முதன்முதலாக அப்படித்தான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அந்தக் காட்டு ஓரத்திலேயே இருந்தும் அதுவரை பார்த்ததில்லை என்பது வெட்கம்தான். அம்மாயியிடம் சொன்னபோது, “ராவுல காட்டுக்குப் போய் ஓணான் தூங்குறதப் பாக்கவா சம்பளம் தர்றாங்க?” என்றார்.

பறவைக்கு வேறு முறை. விடியும் முன்னே ஓர் இடத்தில் போய் நின்று, பத்து நிமிடம் அசையாமல், கேட்டதையும் கண்டதையும் எவ்வளவு தூரத்தில் என்பதோடு எழுதுவது. கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. பறவைக்காரர்கள் அரெங்கா என்று சொல்லும் கருநீலப் பூங்குருவி, விடியலிலும் மாலையிலும் ஓடைப் பக்கம் கூர்மையாக ஒரு விசில் விடும். ஆள் தெரிய மாட்டார். மரை, பன்றி, சிறுத்தை எல்லாம் தானியங்கிக் கமெராவின் பாடு. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். அதைக் கட்டப் போகும் வழியில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணிகளும் கண்ணில் படும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி ஒரு கண்ணியில் சிக்கித்தான் செத்தது.

வெறும் தாளின் விஷயம் எனக்கு உறைத்தது வேறொரு கதையைக் கேட்டபோதுதான். சூடோஃபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் என்று ஒரு புதர்த்தவளை. 1853இல் விவரித்து எழுதப்பட்டது. அப்புறம் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஒருவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் அது உட்கார்ந்திருந்தது! ‘காணவில்லை’ என்று எழுதுவது சுலபம். எங்கே, எந்த உயரத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு நேரம் தேடிக் காணவில்லை என்று சேர்த்து எழுதினால்தான் அடுத்து வருபவர் எங்கே தேடுவது என்று முடிவு செய்ய முடியும்.

இதைப் படித்துவிட்டு நேரே காட்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். ஹோட்டன் சமவெளியில் டிக்கெட் எடுத்து நடக்கலாம். ஆனால் ஆய்வு என்றால் அங்கேயும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஹக்கல போன்ற கடும் பாதுகாப்புக் காட்டுக்குள் பொதுமக்கள் போகவே முடியாது. பழக ஆசை இருந்தால் நுவரெலியா விக்டோரியா பூங்கா போதும். நவம்பர் முதல் மார்ச் வரை காலையிலேயே போய், பூந்தோட்டத்தை விட்டுவிட்டு, குப்பை ஒதுங்கிக் கிடக்கும் கழிவுநீர்க் கான் ஓரத்தில் நில்லுங்கள். இமயமலைப் பக்கமிருந்து வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை அந்தப் பூங்காவில் பார்க்கலாம். பென்சில் கொண்டுபோங்கள், முதல் வரியில் மணியை எழுதுங்கள்.