வாசகர் கேள்வி: நேபாளம் போக ஆதார் மட்டும் போதுமா?

முக்திநாத் யாத்திரைக்குப் பணம் கட்டிவிட்டோம். நான் (44), கணவர் (49), மாமியார் (71), பிளஸ் ஒன் படிக்கும் மகள் (16), மகன் (9). டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானம். விசாவே வேண்டாம், எல்லோரும் ஆதார் எடுத்து வந்தால் போதும் என்கிறார் டூர் அழைத்துப்போகிறவர். வீட்டில் யாருக்கும் பாஸ்போர்ட் இல்லை. நம்பிக் கிளம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

விசா வேண்டாம் என்று அவர் சொன்னது சரிதான். ஆதார் போதும் என்று சொன்னது உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும்தான் பொருந்தும்: மாமியாருக்கும் சின்னவனுக்கும். 65 வயதைத் தாண்டியவர்களும் 15 வயது ஆகாதவர்களும் நேபாளத்துக்கு ஆதாரைக் காட்டிப் போகலாம் என்று 2019-இல் நம் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அந்தச் செய்திதான் வாய்வழியாகப் பரவிப் பரவி 'எல்லோருக்கும் ஆதார் போதும்' என்று ஆகிவிட்டது. நடுவில் இருக்கும் வயதுக்காரர்களுக்கு ஆதார் செல்லாது. நீங்களும் கணவரும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

1950-இல் போட்ட ஒப்பந்தத்தால் இந்தியர்களுக்கும் நேபாளிகளுக்கும் இடையே விசா கிடையாது. ஆனால் 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட இந்திய விமானம் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்டதுதான், நினைவிருக்கும். அதற்குப் பிறகு விமானத்தில் போகிறவர்களிடம் அடையாள ஆவணம் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கினார்கள். என் அத்தை மகன் ஒருவர் வாக்காளர் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ஆதாரோடு விமான நிலையம் போனார். போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள், கூட வந்த பதினோரு பேரும் போய்விட இவர் மட்டும் ஊர் திரும்பினார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மகள் விஷயத்தில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அதற்கென உள்ள படிவத்தில் அடையாளச் சான்று வாங்கிப் போகலாம். குடும்பமாகச் சேர்ந்து போகும்போது பெரியவர் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால், மற்றவர்கள் புகைப்படமும் உறவுமுறையும் தெரிகிற வேறு ஆவணம் காட்டலாம் என்றும் ஒரு சலுகை உண்டு. ஆனால் கவுண்டரில் இருப்பவரிடம் விதியை விளக்கிக்கொண்டு நிற்கிற நிலைமை உங்களுக்கு வேண்டாம். நாள் இருந்தால் மகளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பள்ளிச் சான்று, பள்ளி அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் அசலாகவே எடுத்துப்போங்கள்.

அப்புறம் பெயர். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு இருக்கிறதே! அட்டையில் வெறும் 'மீனாட்சி' என்றிருக்கும். டிக்கெட் போடும்போது கடைசிப் பெயர் என்ன என்று கேட்பதால், டூர்காரர் கணவர் பெயரையோ அப்பா பெயரையோ அவராகவே சேர்த்துவிடுவார். எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, அதில் உள்ள ஆங்கில எழுத்துகளின்படியே டிக்கெட் போடச் சொல்லுங்கள். வாக்காளர் அட்டையிலேயே பிழை இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம், அதற்கும் நாள் ஆகும் என்பதால் இன்றைக்கே அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

முக்திநாத், அதாவது நம் 108 திவ்ய தேசங்களில் வரும் சாளக்கிராமம், அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருப்பதால் அங்கே நுழைய ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியர்களுக்கு 1,000 நேபாள ரூபாய். பயணக் கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது மாறாத விகிதம். கைச்செலவுக்கு நம் 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

பூட்டானுக்கும் இதே விதிதானா? ஒருநாளைக்கு 1,200 ரூபாய் வரி என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

விசா இல்லை, ஆனால் நுழைவு அனுமதி உண்டு, அதை இணையத்திலேயே முன்கூட்டி வாங்கலாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டுவதாக இருந்தால் ஆறு மாதமாவது செல்லுபடி மீதி இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் அல்லது ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ். 1,200 ரூபாய் என்பது 2022 செப்டம்பரிலிருந்து இந்தியர்களுக்கு உள்ள கட்டணம், ஆளுக்கு, தங்கும் ஒவ்வோர் இரவுக்கும். 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்கும் சின்னவர்களுக்கு இல்லை. நான்கு பெரியவர்கள் ஐந்து இரவு தங்கினால் 24,000 ரூபாய் இதற்கே போய்விடும், பட்ஜெட் போடும்போது முதல் வரியில் இதை எழுதுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போகப் பாஸ்போர்ட் தேவையா? பக்கத்தில்தானே இருக்கிறது?
– வாசகர், திருவாரூர்

கட்டாயம் தேவை. தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இலங்கைக்கு நேபாளம் மாதிரி சலுகை கிடையாது. ஆறு மாதம் செல்லுபடியுள்ள பாஸ்போர்ட்டும், இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். சுற்றுலாவுக்கு 30 நாள் தருவார்கள். கட்டணத்தை அந்த அரசு அவ்வப்போது மாற்றுகிறது, தள்ளுபடியும் செய்கிறது. ஆகவே போன வருடம் போய்வந்தவர் சொன்ன தொகையை நம்பாமல், இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் பார்த்துப் பணம் கட்டுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பல இடைத்தரகர்களின் தளங்கள். முகவரி 'கவ் டாட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பாருங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகன் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறான். எங்களோடு நேபாளம் வர விசா வேண்டுமா?
– வாசகர், சென்னை

வேண்டும். ஓ.சி.ஐ. என்பது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை. அது இந்தியாவுக்குள் வருவதற்குத்தான், நேபாளத்தின் கண்ணில் அவர் அமெரிக்கர். காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா கொடுக்கிறார்கள்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். திரும்பி வரும்போது டெல்லியில் ஓ.சி.ஐ. அட்டையைக் கேட்பார்கள், அதை வீட்டுப் பீரோவில் விட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.