எட்டு விசில் விட்டும் கறி வேகவில்லையா?

வாசகி ஒருவரின் கேள்வி: "நேற்று ஒரு கிலோ வெள்ளாட்டுக்கறி, எலும்பில்லாமல் தொடைக்கறியாகக் கேட்டு வாங்கினேன். வெங்காயம், தக்காளி வதக்கி, மசாலாத்தூள் சேர்த்து, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, குக்கரில் எட்டு விசில் விட்டேன். கறி ரப்பர் மாதிரி இருக்கிறது. குழம்பு தண்ணீராக நிற்கிறது, மசாலாவின் பச்சை வாடையும் போகவில்லை. பாதிக் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்?"

நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் பச்சை வாடையும் தண்ணீர்க் குழம்பும் குக்கரை மூடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. கறி வேகாதது மட்டும்தான் விசில் சம்பந்தப்பட்டது. அதை முதலில் பார்த்துவிடலாம்.

கறி கடினமாக இருக்கிறது என்றால் அது வேகாத கறியா, வெந்து வறண்டுபோன கறியா என்று தெரிய வேண்டும். ஒரு துண்டை விரலால் பிய்த்துப் பாருங்கள். பிய்க்க வராமல் இழுபட்டால் இன்னும் வேகவில்லை. நார் நாராகப் பிரிந்து, வாயில் சக்கை போல இருந்தால் அளவுக்கு மேல் வெந்துவிட்டது. நீங்கள் ரப்பர் என்று சொல்வதால் முதல் வகைதான்.

காரணம் இதுதான். கறியின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது தசை இறுகித் தன் நீரைக் கக்க ஆரம்பிக்கும். ஆனால் தசைகளைக் கட்டிப்பிடித்திருக்கும் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் 70 டிகிரிக்கு மேல்தான், அதுவும் மெல்ல மெல்லத்தான் இளகும். இறுகும் கட்டத்துக்கும் இளகும் கட்டத்துக்கும் நடுவில் அடுப்பை அணைத்தால் ரப்பர்தான் கிடைக்கும். திறந்த சட்டியில் இதைக் கடக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால் சீக்கிரம் முடிகிறது.

எட்டு விசில் விட்டும் ஏன் வேகவில்லை? பெரிய தீயில் வைத்தால் எட்டு விசிலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். தீயைக் குறைத்தால் அதே எட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அதனால் விசிலை எண்ணாதீர்கள். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள். இளங்கறிக்கு 15 நிமிடம், முற்றின கறிக்கு 25 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் உள்ளே குழம்பு திடீரெனக் கொதித்துக் கறியும் கெட்டிப்படும். திறந்து பார்த்து வேகவில்லை என்றால் மறுபடி மூடி ஐந்து நிமிடம் வைப்பதில் தப்பே இல்லை.

கறி வாங்குவதிலும் ஒரு விஷயம். குழம்புக்குத் தொடைக்கறி மட்டும் போதாது. அது கொழுப்பும் சவ்வும் குறைந்த பகுதி, வறுவலுக்கு நன்றாக இருக்கும். குழம்புக்கு முன்னங்கால், கழுத்து, நெஞ்செலும்பு கலந்து கேளுங்கள். அந்த எலும்பும் சவ்வும் இளகித்தான் குழம்புக்கு வழவழப்பும் ருசியும் வருகின்றன. ஒரு கிலோவில் கால் பங்காவது எலும்பு இருக்கட்டும், கொஞ்சம் கொழுப்பும் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஆடு அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு தளர ஒரு நாளாவது ஆகும். ஞாயிறு காலையில் வாங்கி அப்போதே சமைப்பதை விட, சனிக்கிழமை வாங்கிக் கழுவி, நீரை நன்றாக வடியவிட்டு, மஞ்சள்தூள், உப்பு, இரண்டு கரண்டி தயிர் பிசறி ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள். உப்பு முதலிலேயே போட்டால் கறி வேகாது என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். உப்பு ஊறினால் கறி தன் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, மசாலாவுக்கு வருவோம். எனக்கு உங்கள் கேள்வியில் மிகவும் முக்கியமாகப் பட்டது இதுதான். பச்சை வாடை என்பது எண்ணெயில் வதங்காத இஞ்சி பூண்டும் மல்லித்தூளும்தான். தண்ணீர் ஊற்றிய பிறகு எத்தனை விசில் விட்டாலும் அது முழுதாகப் போகாது. மசாலாவின் மணமும் மிளகாயின் நிறமும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது.

ஒரு கிலோ கறிக்கு 250 கிராம் சின்ன வெங்காயம், ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெய். கஞ்சத்தனம் வேண்டாம். பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி, கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தைப் போடுங்கள். வெங்காயத்தில் நீர் இருக்கும்வரை அது புழுங்கும், நீர் வற்றிய பிறகுதான் சிவக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும், பொறுமையாக நில்லுங்கள். அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது. அதன் காரமான நெடி மாறி இனிய மணம் வந்ததும் இரண்டு தக்காளி. அது கரைந்து தொக்கு மாதிரி சுருண்டதும் தீயைக் குறைத்து மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூள், ஒன்றரை மேசைக்கரண்டி மிளகாய்த்தூள். தூள் கருகும்போல இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்குவதுதான் அடையாளம். அதற்கு முன் கறியைப் போடாதீர்கள்.

முடிந்தால் மல்லியை வீட்டிலேயே வறுத்து அரைத்துவிடுங்கள். மல்லி, மிளகு, சீரகம், சோம்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சிறு தீயில் வறுக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் சிவக்காது. அன்றைக்கு வறுத்து அன்றைக்கே அரைத்த பொடிக்கு ஈடாக எந்தப் பாக்கெட்டையும் என்னால் சொல்ல முடியாது.

கறியைப் போட்டதும் ஐந்தாறு நிமிடம் மசாலாவோடு பிரட்டுங்கள். கறியே நீர் விடும். குக்கரில் நீர் அவ்வளவாக வற்றாது, அதனால் ஒன்றரை டம்ளர் தண்ணீர் தாராளம். நீங்கள் ஊற்றிய மூன்றில் பாதி. கறி வெந்த பிறகு, அரை மூடித் தேங்காயையும் ஒரு தேக்கரண்டி கசகசாவையும் மையாக அரைத்து ஊற்றி, திறந்தபடியே பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தேங்காயை முதலிலேயே போட்டு மூடினால் அடிப்பிடிக்கும்.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் குழம்பு. அதைக் குக்கரில் ஊற்றி, மேலே தண்ணீர் சேர்க்காமல், முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் பத்து நிமிடம் வையுங்கள். அது வேகும் நேரத்தில் ஒரு அகலமான வாணலியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பத்துச் சின்ன வெங்காயம், கொஞ்சம் சோம்பு, கறிவேப்பிலை போட்டு நன்றாகச் சிவக்க வதக்குங்கள். ஆவி அடங்கியதும் கறித்துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் வாணலியில் ஊற்றிப் பெரிய தீயில் பாதியாக வற்றவிடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து வரும், வாடையும் பெருமளவு அடங்கும். பிறகு கறியைச் சேர்த்து, மேலே சொன்ன தேங்காய், கசகசா அளவில் பாதியை அரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். உப்பை மட்டும் கடைசியில் பாருங்கள்; குழம்பு வற்றியிருப்பதால் ஏற்கெனவே போட்டதே போதுமாக இருக்கும்.